சூடா, தாக்குதலா? எம்.எஸ். வந்த புதிதில் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரையில் எந்த உபாதைக்கும் முதல் பெயர் சூடு. கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, பிள்ளை இரவில் அழுதால் அதுவும் சூடு. 2012 சித்திரையில் என் வலக்கண்ணில் மங்கல் விழுந்து, விழியை அசைத்தாலே வலித்தபோது, அத்தை உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தார். மதினி தினம் ஓர் இளநீர் வாங்கி வந்தார். மூன்று வாரத்தில் மங்கல் விலகியது. வெற்றி விளக்கெண்ணெய்க்கா, இளநீருக்கா என்று வீட்டில் சிறு வாக்குவாதமே நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கால்கள் இரண்டும் இடுப்பு வரை மரத்துப்போய், எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கண் மங்கல்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயின் முதல் தாக்குதல் என்று.

எம்.எஸ். தாக்குதலின் குணம் அது. வரும், சில நாட்களில் உச்சத்துக்குப் போகும், பிறகு பெரும்பாலும் தானாகவே இறங்கும். இறங்குகிற நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டு யோசனைகளில் பாதியை நீங்களே வடிகட்டிவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. மாசி வீதிகளில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறவள். இதுவரை ஐந்து தாக்குதல்கள் பார்த்துவிட்டேன். தாக்குதல் என்று நினைத்து ஏமாந்த நாட்கள் அதைவிட அதிகம். மருந்து பற்றிய முடிவெல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவருடையது. அவரைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன செய்வது என்பதுதான் இங்கே.

உள்ளே நடப்பது என்ன

பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டும் மேலூர்க் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்ற செய்தியைப் பலமுறை படித்திருப்பீர்கள். வழியில் கால்வாயின் பூச்சு பெயர்ந்திருந்தால் திறந்த தண்ணீர் வேறு, சேரும் தண்ணீர் வேறு. மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளுக்கும் மயலின் என்ற கொழுப்பாலான பூச்சு இருக்கிறது. கிருமியை அடிக்க வேண்டிய நம் எதிர்ப்பு அணுக்களே அந்தப் பூச்சைப் பகை என்று எண்ணித் தாக்குவதுதான் எம்.எஸ். பூச்சு பெயர்ந்த இடத்தில் வீக்கம் வரும், செய்தி தடைபடும். வீக்கம் வடிந்து, பூச்சு ஓரளவு திரும்பப் படிந்தால் செய்தி மீண்டும் ஓடும். ஆனால் பழைய வேகம் எல்லோருக்கும் திரும்புவதில்லை. எந்த இடத்தில் பெயர்ந்தது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கால், ஒருவருக்குச் சிறுநீர். நோயின் தொடக்கத்தில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இப்படி வந்து வந்து விலகும் வகைதான். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

புதிதாக ஒரு வீக்கம் வருவதைத்தான் டாக்டர்கள் ரிலாப்ஸ் என்கிறார்கள். நான் தாக்குதல் என்றே எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

புதிய அறிகுறி ஒன்று, அல்லது பழைய அறிகுறி ஒன்றின் தெளிவான மோசம், விடாமல் 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது. முந்தைய தாக்குதல் தொடங்கி 30 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான் அது புதிய தாக்குதல். காலையில் மரத்துப் பகலில் சரியான விரலும், படியேறியதும் கலங்கிப் பத்து நிமிடத்தில் தெளிந்த கண்ணும் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில விநாடி மட்டுமே வரும் இழுப்போ முகவலியோ, ஒரு நாளில் பலமுறை திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் தாக்குதலாக இருக்கலாம். தலையைக் குனிந்தால் முதுகெலும்பு வழியாக மின்சாரம் இறங்குவது போன்ற உணர்வு வேறு வகை. பலருக்கு அது பழைய காயத்தின் மிச்சம். எனக்குப் பேரேட்டைக் குனிந்து பார்த்தாலே அடிக்கும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் இதுவரை இல்லாமல் புதிதாகத் தொடங்கினால் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்ல வேண்டும். எம்.எஸ். தாக்குதல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல ஏறும். பேசிக்கொண்டிருந்தவருக்கு நொடியில் வாய் கோணினால், ஒரு கை தொப்பென்று விழுந்தால், பேச்சு குழறினால், அதைப் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். எம்.எஸ். உள்ளவருக்குப் பக்கவாதம் வராது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அதேபோல மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, கால்கள் இரண்டும் எழுந்து நிற்க விடாத பலவீனம், அடைத்துக்கொண்ட சிறுநீர், முதல்முறையாக வரும் வலிப்பு ஆகியவற்றுக்கு 24 மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

பிறகு தெர்மாமீட்டரும் சிறுநீரும்

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கட்டம்தான் முக்கியம். சூடு என்று வீட்டில் சொல்வது முழுத் தவறும் இல்லை என்பது இங்கேதான் வருகிறது.

1890-இல் வில்ஹெல்ம் உத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகள் உடலை வருத்தி உழைத்தால் பார்வை மங்குவதையும், ஓய்வெடுத்தால் திரும்புவதையும் எழுதிவைத்தார். உழைப்பைவிட உடல் வெப்பம் ஏறியதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. பூச்சு பெயர்ந்த நரம்பிழையில் செய்தி ஏற்கெனவே தட்டுத் தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலும் சிலருக்கு அது நின்றுவிடும். உடல் குளிர்ந்தால் மறுபடி ஓடும். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி வெளிப்படுகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டறிந்தார்களாம். அக்னி நட்சத்திர நாட்களில் மதிய வேளையில் மாசி வீதியில் நடந்தால் அதே பரிசோதனை நமக்கு இலவசமாகவே நடந்துவிடுகிறது.

ஆகவே, பழைய அறிகுறி வெயிலில் தலைகாட்டினால் அது புதிய காயம் அல்ல. பழைய காயத்தின் குரல். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் குடித்து, மின்விசிறிக்கு அடியில் ஒன்றிரண்டு மணி நேரம் இருங்கள். அடங்கிவிட்டால் அன்றைய கதை முடிந்தது. வெயில் நரம்பைப் புதிதாகக் கெடுப்பதில்லை. அதனால் பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கவும் தேவையில்லை. உடற்பயிற்சிக்கும் இதே கணக்குதான்: செய்யுங்கள், ஆனால் விடியற்காலையில் செய்யுங்கள்.

வெயிலைவிடத் தந்திரமானது தொற்று. சளிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் வேரில் சீழ் என எதுவும் பழைய அறிகுறிகளைக் கிளப்பும். அவற்றிலும் மோசம் சிறுநீர்த் தொற்று. எம்.எஸ். உள்ள பலருக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. தேங்கிய நீரில் கிருமி வளரும். உணர்ச்சி மந்தமாக இருப்பதால் எரிச்சலும் தெரியாது, சில சமயம் காய்ச்சலும் வராது. கால் மட்டும் கனக்கும். என் மூன்றாவது ‘தாக்குதல்’ அப்படிப்பட்டதுதான். ஒரு மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமலே ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும் மருந்து. அடியில் இருந்த தொற்றுக்கு அது திருவிழாவாகிவிட்டது. இரண்டாம் நாள் குளிர் நடுக்கத்துடன் 103 டிகிரி காய்ச்சல், கூடுதலாக ஆறு நாள் படுக்கை. தொற்று தீர்ந்ததும் கால் தானாகவே இலேசாகிவிட்டது. அது தாக்குதலே இல்லை.

அதன் பிறகு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. சந்தேகம் வந்த அன்றே காலை, மதியம், இரவு என மூன்று வேளை வெப்பம் பார்ப்பேன். அன்றைக்கே தெருமுனை ஆய்வகத்தில் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. அதில் சீழ் அணுக்கள் அதிகமாக இருந்தால், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். இதற்கு யாருடைய சீட்டும் தேவைப்பட்டதில்லை, பெரிய செலவும் இல்லை. டாக்டரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் முடிவு கையில் இருக்கும்.

புதியதா, பழையதா: ஒரு நோட்டுப் புத்தகம்

“ஒரு மாதிரியாக இருக்கிறது டாக்டர்” என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் எந்த நரம்பியல் நிபுணராலும் எதுவும் செய்ய முடியாது. தள்ளாட்டம், மந்தம், அசதி எல்லாம் அவருக்கு வெறும் சொற்கள். “போன வாரம் வரை மாடிப்படி பதினெட்டும் கைப்பிடி பிடிக்காமல் ஏறினேன், நேற்றிலிருந்து ஆறாவது படியில் நின்று சுவரைப் பிடிக்கிறேன்” என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

நல்ல நாளிலேயே உங்கள் அளவுகளை எழுதிவையுங்கள். என் நோட்டில் இருப்பவை: தினசரிக் காலண்டர் தாளின் சின்ன எழுத்தை ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்த்தால் எவ்வளவு தூரத்தில் படிக்க முடிகிறது, சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம், ஒற்றைக் காலில் எத்தனை எண்ணும் வரை நிற்க முடிகிறது, இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறேன். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் உடம்பைச் சோதித்துக்கொண்டே இருந்தால் இல்லாத நோயும் தெரியத் தொடங்கும். முதல் ஆண்டு நான் அந்தப் பைத்தியத்தில் இருந்தேன். வீட்டுக்காரர் நோட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

கண்ணுக்கு ஒரு சின்னச் சோதனை, பணம் இல்லாதது. குங்குமச் சிமிழைத் திறந்து ஒரு கண்ணால் பாருங்கள், பிறகு மறு கண்ணால். கண் நரம்பு வீங்கினால் முதலில் வெளிறுவது சிவப்பு. 2012-இல் மீனாட்சி கோயில் குங்குமம் என் வலக்கண்ணுக்குச் செங்கல் தூளாகத் தெரிந்தது. குங்குமத்தில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். பார்வை மங்கலும் விழி அசைக்கும்போது வலியும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் நரம்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று கண்ணாடிக் கடைக்கு முதலில் போகாதீர்கள்.

டாக்டரை அழைக்கும்போது ஒரே மூச்சில் சொல்ல ஏற்றபடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கடைசியாகச் சொன்னது இப்படி: “செவ்வாய் காலை எழுந்ததிலிருந்து இடது கை முழங்கைக்குக் கீழே மரத்திருக்கிறது. இதற்கு முன் இந்தக் கையில் வந்ததில்லை. புதன் கூடியது, இன்றும் குறையவில்லை. டம்ளர் நழுவுகிறது. காய்ச்சல் இல்லை, சிறுநீர்ப் பரிசோதனை நேற்று எடுத்தேன், தொற்று இல்லை. மாத்திரை ஒரு வேளைகூட விடவில்லை. கடைசித் தாக்குதல் 14 மாதங்களுக்கு முன்.” அரை நிமிடம். மறுநாளே வரச் சொன்னார்.

ஸ்டீராய்டு: எதற்கு, எதற்கு இல்லை

எல்லாத் தாக்குதலுக்கும் ஸ்டீராய்டு தேவையில்லை. விரல் நுனி மரத்திருக்கிறது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்றால் டாக்டர் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பார். அவர் உங்களை அலட்சியப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பார்வை, நடை, கையின் பிடி, சிறுநீர் என்று அன்றாடத்தைப் பாதித்தால் மருந்து.

வழக்கமான மருந்து மெத்தில்பிரெட்னிசோலோன். நாளுக்கு 1 கிராம், மூன்று முதல் ஐந்து நாட்கள், குளுக்கோஸ் பாட்டிலைப் போல இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற வேண்டும். வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். “சீக்கிரம் முடித்துவிடுங்கள் சிஸ்டர், பஸ் போய்விடும்” என்று உசிலம்பட்டிக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். பஸ் போகட்டும்.

இந்த மருந்து மீட்சியை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். கடைசியில் எவ்வளவு மீள்கிறோம் என்பதை மாற்றுவதில்லை. 1992-இல் வெளியான கண் நரம்பு அழற்சி ஆய்வில், இரத்தக் குழாய் வழியாக அதிக அளவு பெற்றவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெறாதவர்களோடு பெரிய வேறுபாடு இல்லை. அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது: குறைந்த அளவு பிரெட்னிசோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கண் தாக்குதல் திரும்ப வருவது கூடியது. ஆகவே பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் சின்ன ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வேண்டவே வேண்டாம். மாத்திரையே கூடாது என்பதும் இல்லை. அதே அதிக அளவை வாய்வழி கொடுத்தாலும் ஊசிக்கு இணையான பலன் என்று 2015-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஊருக்குள் இரத்தக் குழாயில் ஏற்ற வசதி இல்லாத கிராமத்துக்காரர்கள் இதை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தொடங்குமுன் நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டியவை: சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வயிற்றுப்புண், உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காச நோய் இருந்த வரலாறு, கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு. சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த நாட்களில் அளவு தாறுமாறாக ஏறும். பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். காலையில் ஏற்றிக்கொள்ளக் கேளுங்கள், இரவில் தூக்கம் கொஞ்சமாவது வரும். நாக்கில் பழைய செம்புக்காசை வைத்தது போன்ற ருசி, முகச் சிவப்பு, அகோரப் பசி, காரணமில்லாத குதூகலம், பிறகு காரணமில்லாத அழுகை எல்லாம் வந்து போகும். எனக்கு இரண்டாம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பரண் முழுவதையும் ஒழுங்குபடுத்தத் தோன்றும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார்கள். பல வாரம் கழித்தும் இடுப்பு மூட்டிலோ தொடை இடுக்கிலோ வலி நிலைத்தால் சொல்லுங்கள். அரிதாக ஸ்டீராய்டு எலும்பைப் பாதிக்கும்.

கடுமையான தாக்குதல் ஸ்டீராய்டுக்கு அசையவில்லை என்றால் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. இரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றுவது. டயாலிசிஸ் போல இயந்திரத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாளாகப் பல முறை செய்வார்கள். அந்த நிலைக்கு வசதி உள்ள பெரிய மருத்துவமனைதான் சரி.

இது எம்.எஸ். தானா என்று ஒருமுறையாவது கேளுங்கள்

நம் நாட்டில் எம்.எஸ். போலவே வேடமிடும் நோய்கள் பல. பி12 குறைபாடு, காச நோய், இன்னும் சில. அவற்றில் முக்கியமானது என்.எம்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குவதில் எம்.எஸ். போலவே இருக்கும், ஆனால் வேறு நோய், தாக்குதலும் கடுமையானது. அதற்குரிய எதிர்ப்பொருள் 2004-இல் கண்டறியப்பட்டது. இன்று ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஏன் முக்கியம் என்றால், இன்டர்ஃபெரான் உள்ளிட்ட சில எம்.எஸ். மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கியது, தண்டுவடத்தில் நீளமான காயம், நாள்கணக்கில் நிற்காத விக்கல் அல்லது வாந்தி என்று இருந்தால் அந்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் பழக்கம். மூன்று நாள் விடாமல் நினைப்பவர் யாரும் இருக்க மாட்டார்.

படுக்கையும் பார்க்க வருபவர்களும்

முதல் சில நாட்கள் ஓய்வு. அதன் பிறகு முழு ஓய்வு எதிரி. அசையாத தசை சீக்கிரம் தேய்ந்துவிடும். டாக்டர் சரி என்றதும் இயன்முறைப் பயிற்சியைத் தொடங்குங்கள். தினம் ஆட்டோ பிடித்துப் போக முடியாதவர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவது பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் ஒன்று. கண் மங்கியிருந்தால் இரு சக்கர வண்டியைத் தொடாதீர்கள். கோரிப்பாளையம் சந்திப்பில் இரண்டு நல்ல கண்களே போதாது.

மீட்சி வாரங்களில் தொடங்கி மாதங்கள் வரை இழுக்கும். முதல் மாதத்தில் வேகம் அதிகம், பிறகு மெதுவாகும். ஸ்டீராய்டு முடிந்த மறுநாளே எழுந்து ஓடவில்லையே என்று மருந்தைக் குறைசொல்ல வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் ஒரு பை ஆரஞ்சும் ஒரு யோசனையும் கொண்டுவருவார்கள். ஆரஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள். யோசனைகளில் என்னை அதிகம் சோதித்தது ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ கஷாயங்கள். நம் எதிர்ப்புச் சக்தி குறைந்து போய் வந்த நோய் இல்லை இது. அது வழிதவறித் தன் வீட்டையே உடைக்கிறது. மண்வெட்டிக்காரனுக்குக் கூடுதல் சோறு போட்டு என்ன பயன்? நிலவேம்பு, அமுக்கரா எதுவானாலும் டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்காமல் குடிக்காதீர்கள். பத்தியம் என்று சொல்லி எம்.எஸ். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்.

அடுத்ததைத் தள்ளிப்போடுவது

தாக்குதலுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு, அடுத்த தாக்குதலைத் தடுக்கும் தொடர் மருந்து வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம். தாக்குதல் அடங்கியதும் ‘குணமாகிவிட்டது’ என்று தொடர் மருந்தை விட்டுவிடுவார்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் போட்டுக்கொள்வதற்குத்தான் அந்த மருந்து.

இன்டர்ஃபெரான் ஊசி, கிளாட்டிராமர் ஊசி, டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்ளூனோமைடு, ஃபிங்கோலிமோட் போன்ற மாத்திரைகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாயில் ஏற்றும் ரிட்டுக்சிமாப் அல்லது ஓக்ரெலிசுமாப் என்று பல உண்டு. எது உங்களுக்கு என்பது வயது, நோயின் வேகம், பணம், பிள்ளை பெறும் எண்ணம் எல்லாம் சேர்ந்த கணக்கு. பணத்தை அந்தப் பட்டியலில் வெளிப்படையாகச் சேருங்கள். மூன்று மாதம் வாங்கி, நான்காம் மாதம் முடியாமல் விடுவதைவிட, தொடர்ந்து வாங்க முடிந்த மருந்தை முதலிலேயே கேட்பது நல்லது. ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் வரவழைத்துத் தரும் மருந்துகள் தாமதமாகும் என்பது என் அனுபவம்.

தொடர் மருந்து தொடங்குமுன் காச நோய், மஞ்சள் காமாலை பி வகைப் பரிசோதனைகள் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும் மருந்தில் இருக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது; எந்தத் தடுப்பூசிக்கும் முன் கேட்க வேண்டும். புகைபிடிப்பது நோயை வேகப்படுத்துகிறது, அதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. வைட்டமின் டி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வெயில் ஊரில் குறையுமா என்று நானும் சிரித்தேன். பரிசோதனைத் தாள் என்னைப் பார்த்துச் சிரித்தது.

பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு: எம்.எஸ். அதற்குத் தடையில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் நன்றாகக் குறைந்தும், பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடியும் இருப்பதை 1998-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. சில மாத்திரைகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டியிருப்பதால், திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் மருத்துவ அறிக்கைகள் உள்ள கோப்பையும் கூடவே கொண்டுபோங்கள்; அந்த ஊரில் பார்க்க வேண்டிய நரம்பியல் மருத்துவரையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். குழந்தையை இரவில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை மாமியாரிடம் வளைகாப்பன்றே சொல்லிவிடலாம்.

கோப்பும் அட்டைகளும்

ஒரே கோப்பில் எல்லா எம்.ஆர்.ஐ. அறிக்கைகளும் குறுந்தகடுகளும், டிஸ்சார்ஜ் தாள்களும், மருந்துப் பட்டியலும் தேதி வரிசையில் இருக்கட்டும். பழைய படம் இல்லாமல் புதிய படத்தில் எது புதிய காயம் என்று சொல்வது கடினம். ஏற்றிய ஸ்டீராய்டின் தேதியையும் அளவையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், நன்றாக இருக்கும் நாளிலேயே வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. அங்கே போனாலும் தனியாரிடம் போனாலும், சேருமுன் காப்பீட்டு மேசையில் உங்கள் சிகிச்சை திட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிலையான பாதிப்பு இருப்பவர்கள் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்பது எல்லை. மதிப்பீட்டுக்குப் போகும் அன்று வீம்புக்கு நன்றாக நடந்து காட்டாதீர்கள். நான் காட்டினேன். இரண்டாவது முறை போக வேண்டியதாயிற்று.

சித்திரைக்கு

புதியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, திருவிழாவுக்குப் போகலாமா என்பது. போகலாம். தேர், மதிய வெயில், நெரிசல் மூன்றையும் விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது விடியலில்தான் என்றாலும் இரவு முழுக்க நின்று காத்திருப்பது கால்களுக்கு ஆகாது. முந்தைய நாள் எதிர்சேவையை மாலை சாய்ந்த பிறகு தல்லாகுளம் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம். கழுத்துக்கு ஈரத்துண்டு, ஒரு பாட்டில் குளிர்ந்த நீர், கைப்பையில் தெர்மாமீட்டர், கூட ஒரு ஆள். சிறுநீருக்கு எங்கே போவது என்பதைக் கிளம்புமுன்பே விசாரித்து வையுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொற்று வரும். அழகரையே குளிர்விக்கத் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டம் அது. போன ஆண்டு அதில் ஒரு பையன் என் மேலும் பீய்ச்சிவிட்டான். கால் கனம் இறங்கி, இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.